வழக்கு முடியுமுன் மேல்நீதிமன்றம் செல்லலாமா?

(வெள்ளி விழாச் சட்டக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

25 ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வாசலைக் காட்டிய சங்கம் இது. புத்தகம் வாங்க இயலாதவனுக்குப் புத்தகம் தந்தது. விடுதி கிடைக்காதவளுக்கு விடுதி தேடித் தந்தது. உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாத பெற்றோருக்கு அருகிலிருந்து நிரப்பித் தந்தது. இவ்வளவும் செய்த சங்கம் இந்த நன்னாளில் சட்ட அறிவையும் கல்வியின் ஒரு பகுதியாக எண்ணி இக்கருத்தரங்கை அமைத்திருப்பது போற்றுதற்குரியது. எழுத்தறிவு பெற்ற சமுதாயம் அடுத்துப் பெற வேண்டியது நீதிமன்ற அறிவே என்பது நமது துணிபு.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இது: ஒரு குற்ற வழக்கு கீழ்நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கிறது. தீர்ப்பு இன்னும் வரவில்லை. இடையில் நீதிபதி ஓர் உத்தரவு போடுகிறார். அது நமக்குப் பாதகமாயிருக்கிறது. உடனே மேல்நீதிமன்றம் செல்லலாமா, அல்லது தீர்ப்பு வரும்வரை பொறுத்திருக்க வேண்டுமா? கேள்வி சிறியது. ஆனால் இதற்கு விடை தெரியாமையால் நம்மவர் இழந்த வழக்குகள் சிறியவை அல்ல.

தீர்ப்புக்கு முன்னே வரும் உத்தரவுகள்

வழக்கு என்றாலே தீர்ப்பு நாள் ஒன்றைத்தான் நம்மவர் நினைக்கிறார்கள். முதல் தகவல் அறிக்கை பதிவாகிவிட்டால் பாதி வென்றதாகவும், தீர்ப்பு வந்தால் மீதி தெரியும் என்றும் எண்ணி அவரவர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் முதல் தகவல் அறிக்கைக்கும் தீர்ப்புக்கும் இடையே பல ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த ஆண்டுகளில் ஜாமீன் உத்தரவு வருகிறது. குற்றவாளிகளில் சிலரை வழக்கிலிருந்து விடுவிக்கும் உத்தரவு வருகிறது. சாட்சியை மீண்டும் கூண்டில் ஏற்றும் உத்தரவு வருகிறது. வாய்தா உத்தரவுகளோ எண்ணிலடங்கா. தீர்ப்பு நாளில் நீதிபதி எழுதுவதற்கு என்ன மிச்சமிருக்கும் என்பதை இந்த இடைப்பட்ட உத்தரவுகளே முடிவு செய்கின்றன. ஜாமீனில் வந்தவன் ஊருக்குள்ளேயே உலவினால் கூலிக்காரச் சாட்சி நீதிமன்றத்தில் வாய் திறப்பானா என்பதை நாம் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.

கடலூர் மாவட்டத்தில் சாதி மாறி மணந்ததற்காக ஓர் இளந்தம்பதியர் 2003-ஆம் ஆண்டு ஜூலையில் கொல்லப்பட்டனர். கீழ்நீதிமன்றத் தீர்ப்பு 2021 செப்டம்பரில் வந்தது. நடுவே 18 ஆண்டுகள். உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை உறுதி செய்தது 2025 ஏப்ரலில். ஒரு குழந்தை பிறந்து வளர்ந்து வாக்குரிமை பெறும் காலம் முழுவதும் ஒரு குடும்பம் விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்புக்காகக் காத்திருந்தது. காத்திருக்கும் காலத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கவனிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

மகத் தரும் பாடம்

இடைப்பட்ட உத்தரவின் வலிமையை அண்ணல் அம்பேத்கரின் வாழ்விலிருந்தே காட்டலாம். மகத் நகரின் சவுதார் குளத்தில் 1927 மார்ச் 20 அன்று அண்ணலும் ஆயிரக்கணக்கான நம்மவரும் நீர் அருந்தினர். அதே ஆண்டு டிசம்பரில் மீண்டும் அங்கே மாநாடு கூட்டி நீர் எடுக்க முடிவாயிற்று. எதிர்த்தரப்பார் என்ன செய்தார்கள்? சிவில் நீதிமன்றம் சென்றார்கள். குளம் தங்கள் தனிச்சொத்து என்று வழக்குத் தொடுத்து, விசாரணை நடக்குமுன்பே தற்காலிகத் தடையாணை ஒன்றைப் பெற்றுவிட்டார்கள். சாட்சியம் இல்லை, தீர்ப்பு இல்லை. ஒரு தாள் உத்தரவு பல்லாயிரம் மக்களைக் குளக்கரையில் நிறுத்தியது. அண்ணல் அந்த ஆணையை மீறவில்லை. மாநாட்டில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது, மக்கள் குளத்தைச் சுற்றி ஊர்வலம் சென்றனர், நீரைத் தொடவில்லை. அந்தத் தடையாணை 1928 பிப்ரவரியில் நீக்கப்பட்டது. மூல வழக்கோ 1937 மார்ச்சில்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிந்தது.

அது சிவில் வழக்கு. நாம் இன்று பேசுவது குற்ற வழக்கு. விதிகள் வேறு. ஆயினும் பாடம் ஒன்றே. இறுதித் தீர்ப்பு வர 10 ஆண்டு ஆகலாம். இடைப்பட்ட ஆணை ஒரே நாளில் வந்துவிடும். அன்று ஆணை வந்த உடனே அதன் தன்மையை அறிந்து, மக்களுக்கு எடுத்துச் சொல்லி, நீதிமன்றத்திலேயே அதை நீக்க வழி தேட அண்ணலுக்கு இயன்றது, அவர் பாரிஸ்டராக இருந்தமையால். நம் ஊர்களுக்கு அந்த அறிவு இன்று வேண்டியிருக்கிறது.

வாசல் ஏன் குறுக்கப்பட்டது

இனிச் சட்டத்துக்கு வருவோம். வெள்ளையர் காலத்து 1898-ஆம் ஆண்டுக் குற்ற விசாரணை முறைச் சட்டத்தில், கீழ்நீதிமன்றத்தின் எந்த உத்தரவையும் சீராய்வு செய்யும்படி மேலே மனுச் செய்ய இடமிருந்தது. பணமும் பெரிய வக்கீலும் உள்ளவன் இதை நன்றாகப் பயன்படுத்தினான். ஒவ்வொரு சிறு உத்தரவுக்கும் மேலே ஓடுவான். கட்டு மேலே போய்விடும். கீழே விசாரணை நின்றுவிடும். கட்டு திரும்பி வருவதற்குள் சாட்சி ஊரை விட்டுப் போயிருப்பான், அல்லது உலகை விட்டே போயிருப்பான்.

ஆகவே 1973-இல் இயற்றப்பட்டு 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 397(2) என்ற உட்பிரிவு சேர்க்கப்பட்டது. வழக்கின் போக்கில் போடப்படும் இடைக்கால உத்தரவு எதன் மீதும் சீராய்வு அதிகாரத்தைச் செலுத்தக்கூடாது என்பது அதன் கட்டளை. வக்கீல்கள் இதை 'இன்டர்லாக்யூட்டரி ஆர்டர்' என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தைப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிடித்துக்கொண்டது. எண் மாறியது; விதி மாறவில்லை. பழைய 397 இப்போது 438.

இந்தத் தடையைப் பார்த்து, 'நியாயம் கேட்கும் வாசலை அடைத்துவிட்டார்களே' என்று நம் இளைஞர் சிலர் வருந்துவதுண்டு. நாம் அவ்விதம் கருதவில்லை. வாசல் அகலமாயிருந்தால் அதில் முதலில் நுழைகிறவன் வசதியுள்ளவனே. சென்னைக்கும் மதுரைக்கும் போய்வரக் காசில்லாத நம் குடும்பங்களுக்கு, வழக்கு நிற்காமல் நடந்து முடிவதே பெரும் பாதுகாப்பு. வாசலைக் குறுக்கியதால் நமக்கு நன்மையே. ஆனால் குறுகிய வாசல் எங்கே இருக்கிறது, எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்பதை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அதனாலும் கெடுவோம்.

இரண்டு தீர்ப்புகள்

தடை வந்ததும் ஒரு கேள்வி எழுந்தது. இடைக்கால உத்தரவு என்றால் எது? தீர்ப்புக்கு முன் வரும் எல்லாமே இடைக்காலந்தானா? 1977-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்குகளில் இதற்கு விடை சொன்னது.

முதலாவது, அரியானாவிலிருந்து சென்ற அமர்நாத் வழக்கு. முதல் தகவல் அறிக்கையில் பெயர் கண்ட சிலர் மீது காவல்துறை வழக்குத் தொடரவில்லை. மாஜிஸ்திரேட்டும் அதை ஏற்றார். பின்னர் செஷன்ஸ் நீதிபதி மேலும் விசாரிக்கச் சொல்லித் திருப்பியனுப்ப, மாஜிஸ்திரேட் அவர்களுக்கு நேரே சம்மன் அனுப்பிவிட்டார். அவர்கள் உயர் நீதிமன்றம் சென்றபோது, 'இது இடைக்கால உத்தரவு, தலையிட முடியாது' என்று சொல்லப்பட்டது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒருவருடைய உரிமையைக் கணிசமாகப் பாதிக்கும் உத்தரவை வெறும் இடைக்கால உத்தரவு என்று ஒதுக்கக்கூடாது என்றது. சாட்சிக்குச் சம்மன் அனுப்புவது, வாய்தா போடுவது, ஜாமீன் உத்தரவு, அறிக்கை கேட்பது போன்று வழக்கை நடத்திச் செல்வதற்கான படிகளே உண்மையான இடைக்கால உத்தரவுகள் என்று எடுத்துக்காட்டும் தந்தது.

இரண்டாவது, சோசலிஸ்ட் தலைவர் மது லிமாயே வழக்கு. மகாராஷ்டிர அமைச்சராயிருந்த ஏ. ஆர். அந்துலே மீது அவர் 1974-இல் குற்றம் சாட்டிப் பேசியதற்காக, அரசு வழக்கறிஞர் மூலம் அவதூறு வழக்குத் தொடரப்பட்டது. இந்த முறையில் இவ்வழக்கை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்பது லிமாயேயின் வாதம். செஷன்ஸ் நீதிமன்றம் அதை நிராகரித்தது. இடைக்கால உத்தரவு என்று சொல்லி உயர் நீதிமன்றமும் கைவிட்டது. உச்ச நீதிமன்றம் இங்கே ஓர் அளவுகோலைத் தந்தது. ஒரு தரப்பு எழுப்பும் ஆட்சேபத்தை நீதிபதி ஏற்றிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும் என்றால், அந்த ஆட்சேபத்தை நிராகரிக்கும் உத்தரவு வெறும் இடைக்கால உத்தரவு ஆகாது. இறுதித் தீர்ப்புக்கும் இடைக்கால உத்தரவுக்கும் நடுவே மூன்றாம் வகை ஒன்று உண்டு. அதன் மீது சீராய்வு செல்லும். இதுவே அத்தீர்ப்பின் சாரம்.

அன்பர்களே, இந்த அளவுகோல் ஒன்றை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். 'நாம் கேட்டபடியோ எதிரி கேட்டபடியோ நீதிபதி உத்தரவு போட்டிருந்தால் வழக்கு இத்துடன் தீர்ந்திருக்குமா?' என்று கேட்டுப் பாருங்கள். தீர்ந்திருக்கும் என்றால் மேலே போக வழி இருக்கக்கூடும். தீர்ந்திராது, வழக்கு எப்படியும் நடந்தே இருக்கும் என்றால், பெரும்பாலும் பொறுத்திருக்க வேண்டியதுதான்.

எந்த உத்தரவுக்கு எந்த வழி

சில உதாரணங்களைப் பார்ப்போம். 'எனக்கு எதிராகச் சாட்சியமே இல்லை, என்னை வழக்கிலிருந்து விடுவியுங்கள்' என்று எதிரி கேட்கிறான். நீதிபதி மறுத்துக் குற்றச்சாட்டுப் பதிவு செய்கிறார். இது மூன்றாம் வகை. சீராய்வு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இலும் தெளிவுபடுத்தியது. எதிர்மாறாக, நீதிபதி அவனை விடுவித்துவிட்டால், அவனைப் பொறுத்தவரை வழக்கு முடிந்தே போயிற்று. அப்போது மேலே செல்ல வேண்டியவர்கள் நாம். தீர்ப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், தீர்ப்பு நாளில் அவன் பெயரே வழக்கில் இராது.

காவல்துறை விசாரித்து, 'புகார் தவறானது' என்று வழக்கை முடித்து அறிக்கை கொடுப்பதுண்டு. நம் ஊர்களில் 'ஆர்.சி.எஸ். நோட்டீஸ்' என்று சொல்லும் தாள் அதுவே. புகார் கொடுத்தவருக்கு அறிவித்து, அவர் சொல்வதைக் கேட்காமல் மாஜிஸ்திரேட் அந்த அறிக்கையை ஏற்று வழக்கை மூடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் பகவந்த் சிங் வழக்கில் விதித்தது. நோட்டீஸ் வந்ததும் ஆட்சேப மனுப் போட வேண்டும். அதையும் தள்ளி வழக்கு மூடப்பட்டால், அது இடைக்கால உத்தரவு அன்று. நம் புகாருக்கு அதுவே முடிவு. அதன் மீது மேலே செல்லலாம், செல்லவும் வேண்டும். நோட்டீசைக் கையெழுத்திட்டு வாங்கிக் கூரையில் செருகி வைத்துவிட்டு, வழக்கு நடக்கிறது என்று நம்பியிருக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. படித்த பிள்ளை ஒருவன் அந்தத் தாளை அன்றே படித்துக் காட்டியிருந்தால் வழக்கு பிழைத்திருக்கும்.

மறுபுறம், சாட்சியை மீண்டும் அழைப்பது, ஆவணம் வரவழைப்பது பற்றிய உத்தரவுகளைப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு காசோலை வழக்கில், இவை இடைக்கால உத்தரவுகளே, இவற்றின் மீது சீராய்வு செல்லாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இத்தகைய உத்தரவு தவறென்று தோன்றினாலும், ஆட்சேபத்தைக் கீழ்நீதிமன்றத்தில் எழுத்தில் பதிவு செய்து வைக்க வேண்டும். தீர்ப்புக்குப் பின் மேல்முறையீட்டில் அதை எடுத்துச் சொல்லலாம். கோபத்தில் மேலே ஓடினால் மனுவும் தள்ளுபடியாகும், நமது வழக்கும் நம்மாலேயே தாமதமாகும்.

சீராய்வு பற்றி இரண்டு செய்திகள் நினைவிருக்கட்டும். காலக்கெடு 90 நாள். செஷன்ஸ் நீதிமன்றத்திலும் போடலாம், உயர் நீதிமன்றத்திலும் போடலாம். ஆனால் ஒன்றில் போட்டவர் மற்றதில் மீண்டும் போட முடியாது. ஆகவே எங்கே போடுவது என்பதை வக்கீலுடன் கலந்து ஒரு முறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

இவற்றுக்கு அப்பால் உயர் நீதிமன்றத்துக்கு உள்ளார்ந்த அதிகாரம் என்று ஒன்றுண்டு. பழைய சட்டத்தில் 482, இப்போது 528. நீதிமன்ற நடைமுறை முறைகேடாகப் பயன்படுத்தப்படும்போது, அதைத் தடுக்க அரிதாகச் செலுத்தப்பட வேண்டிய அதிகாரம் அது. இடைக்கால உத்தரவுக்கான தடை இந்த அதிகாரத்தை முற்றாகக் கட்டிப்போடாது என்று மது லிமாயே வழக்கே சொல்கிறது. நம்மவர் மீது பொய்வழக்குப் போட்டால் அதை ரத்து செய்யக் கேட்பதும் இதே பிரிவில்தான். நாம் கொடுத்த வழக்கை ரத்து செய்ய எதிரி கேட்பதும் இதே பிரிவில்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளையும் சில நிலைகளில் ரத்து செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் ராமாவதார் வழக்கில் கூறியது. தகராறு சாதியை முன்னிட்டு எழாமல், பெரிதும் தனிப்பட்ட தன்மையதாக இருக்க வேண்டும். சமரசம் அச்சத்தாலோ வற்புறுத்தலாலோ வந்ததன்று என்பதை நீதிமன்றம் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றும் அது சொன்னது. ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார வைத்து, 'சமாதானமாகப் போய்விட்டோம்' என்று வாங்கும் கையெழுத்து, நாளை உயர் நீதிமன்றத்தில் வழக்கை முடிக்கும் ஆவணமாகும். படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். வற்புறுத்தி வாங்கியிருந்தால் அதை நீதிமன்றத்தில் சொல்லும் துணிவு வேண்டும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் தனி வழி

இதுவரை சொன்னது எல்லோருக்கும் பொதுவான சட்டம். நமக்கென 1989-இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனி வழி உண்டு. 2015-இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள 14ஏ பிரிவு அது. சிறப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பு, தண்டனை, உத்தரவு எதன் மீதும், இடைக்கால உத்தரவு நீங்கலாக, உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். சங்கதிகளையும் சட்டத்தையும் இரண்டையும் அங்கே விவாதிக்கலாம்.

ஜாமீன் விஷயத்தில் இப்பிரிவு வெளிப்படையாகவே பேசுகிறது. சிறப்பு நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தாலும் மறுத்தாலும் அந்த உத்தரவின் மீது உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு உண்டு. பொதுச் சட்டத்தில் ஜாமீன் உத்தரவு இடைக்கால உத்தரவாக எண்ணப்படுகிறது என்று சற்று முன்பு பார்த்தோம். நமது சட்டத்திலோ அதற்கு மேல்முறையீட்டு வாசல் தனியாக வைக்கப்பட்டிருக்கிறது. எதிரி வெளியே வந்தால் நம் சேரியில் என்ன நடக்கும் என்பதை நாடாளுமன்றம் உணர்ந்து வைத்த வாசல் இது.

காலக்கெடு 90 நாள். போதிய காரணம் காட்டினால் அதன் பிறகும் உயர் நீதிமன்றம் ஏற்கலாம். 180 நாளுக்கு மேல் ஏற்கவே கூடாது என்ற வாசகமும் பிரிவில் இருக்கிறது. அது செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2018-இல் கூறியது. இந்த வாதங்களையெல்லாம் வக்கீலுக்கு விட்டுவிடுவோம். நமக்கு 90 நாளே எல்லை. மேல்முறையீட்டை இயன்றவரை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதும் சட்டத்தின் சொல்.

குற்றச்சாட்டுப் பதிவு செய்யும் உத்தரவு இந்த 14ஏ பிரிவின்படி மேல்முறையீட்டுக்கு உரியதா என்று கேட்பீர்கள். 1979-ஆம் ஆண்டின் சிறப்பு நீதிமன்றங்கள் சட்டத்திலும், 'இடைக்கால உத்தரவு நீங்கலாக' என்ற இதே சொற்கள் இருந்தன. விரைந்து முடிப்பதற்காக வந்த அந்தச் சட்டத்தில் குற்றச்சாட்டுப் பதிவும் இடைக்கால உத்தரவே என்று வி. சி. சுக்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நமது சட்டமும் விரைவுக்காகவே வந்தது. குற்றப்பத்திரிகை தாக்கலான இரண்டு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று 14-ஆம் பிரிவு விரும்புகிறது. ஆகவே எதிரி ஒவ்வொரு உத்தரவுக்கும் மேலே ஓடும்போது, இந்த நோக்கத்தை எடுத்துக்காட்டி எதிர்க்க நம் வழக்கறிஞர்களுக்கு இடமுண்டு.

இதே திருத்தத்தில் வந்த 15ஏ பிரிவு மிக முக்கியமானது. வழக்கின் எந்த நடவடிக்கை பற்றியும், ஜாமீன் உட்பட, பாதிக்கப்பட்டவருக்கு உரிய நேரத்தில் அறிவிப்புத் தர வேண்டும். ஜாமீன், விடுவிப்பு, தண்டனை முதலியவற்றில் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். இராஜஸ்தான் வழக்கு ஒன்றில், இறந்தவரின் சகோதரருக்கு அறிவிப்புத் தராமலே உயர் நீதிமன்றம் ஜாமீன் அளித்தது. 2021 அக்டோபரில் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஜாமீனை நீக்கி, அறிவிப்புத் தருவது கட்டாயம் என்று விதித்தது. 'எங்களுக்குச் சொல்லாமலே ஜாமீன் கொடுத்துவிட்டார்கள்' என்பது நம் வீடுகளில் வெறும் புலம்பலாக இருந்தது. இன்று அது மேல்நீதிமன்றத்தில் எடுத்துவைக்கக்கூடிய சட்ட வாதம்.

விசாரணை நடக்கும் இடமே அச்சமூட்டினால் அதற்கும் வழியுண்டு. 2015 ஜூனில் கொல்லப்பட்ட பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் வழக்கை நாடறியும். நாமக்கல்லில் விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே அவருடைய தாயார் உயர் நீதிமன்றம் சென்றார். 2019-இல் வழக்கு மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது, வழக்கறிஞர் ப. பா. மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக நின்று நடத்தினார். 2022 மார்ச்சில் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது; 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அதைப் பெருமளவில் உறுதி செய்தது. தீர்ப்பு வரட்டும் என்று அந்தத் தாய் வீட்டில் இருந்திருக்கலாம். அவ்வாறு இராமல், கேட்கவேண்டிய நேரத்தில் கேட்கவேண்டிய இடத்தில் கேட்டார். நாம் இவ்வுரையில் சொல்ல வந்ததை அவர் செய்தே காட்டியிருக்கிறார்.

தடையாணை என்னும் உறக்கம்

ஒன்றை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். மேல்நீதிமன்றம் மனுவை ஏற்றுக்கொள்வதால் மட்டும் கீழே வழக்கு நின்றுவிடாது. தடையாணை பெற்றால்தான் நிற்கும். ஆனால் தடையாணை ஒருமுறை வந்துவிட்டால் வழக்கு ஆண்டுக்கணக்கில் உறங்கும். இதைக் கண்டு 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், நீட்டிக்கப்படாத தடையாணை ஆறு மாதத்தில் தானாகவே காலாவதியாகும் என்றது. 2024 பிப்ரவரி 29 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த விதியை நீக்கிவிட்டது. இன்று தடையாணை தானாக மறையாது. ஆகவே எதிரி தடை வாங்கினால் அதை நீக்கக் கோரி நாம் மனுப் போட வேண்டும். 'மேலே இருக்கிறது' என்று வக்கீல் குமாஸ்தா சொன்னால் அத்துடன் வீடு திரும்பாதீர்கள். எந்த நீதிமன்றம், என்ன எண், எந்தத் தேதி, தடை உண்டா இல்லையா என்ற நான்கு கேள்விகளையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

இளைஞர்களே, இவ்வளவும் கேட்டுவிட்டு, 'மேலே செல்லப் பணத்துக்கு எங்கே போவது?' என்று நீங்கள் நினைப்பது நமக்குத் தெரிகிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமானம் எவ்வளவாயினும் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். உயர் நீதிமன்றத்திலும் இதற்கெனக் குழு உண்டு. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அனுபவமுள்ள மூத்த வழக்கறிஞரை நியமிக்குமாறு மாவட்ட ஆட்சியரைக் கேட்கலாம். இவை பிச்சை அல்ல, உரிமை. கேட்பவருக்கே கிடைக்கும் உரிமை.

நமது சங்கத்துக்கு வெள்ளி விழா ஆண்டில் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கிளையிலும் ஒரு வழக்குப் பதிவேடு திறக்கப்பட வேண்டும். நம்மவர் வழக்கு எதுவாயினும் அதன் எண், நீதிமன்றம், அடுத்த வாய்தா, கடைசியாக வந்த உத்தரவு, அதன் தேதி ஆகியவை அதில் ஏற வேண்டும். உத்தரவு வந்த நாளிலிருந்து 90 நாளை எண்ணிச் சிவப்பு மையில் குறிக்க வேண்டும். உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு அன்றே மனுப் போட வேண்டும். நகலில்லாமல் வக்கீலிடம் போவது மருந்துச் சீட்டில்லாமல் மருந்துக் கடைக்குப் போவது போல. கல்லூரியில் படிக்கும் இரு பிள்ளைகள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வழக்காடும் குடும்பத்துடன் துணைக்குப் போக வேண்டும். படித்தவன் ஒருவன் அருகில் நின்றால் அந்தக் குடும்பத்திடம் பேசும் குரலே மாறும்.

அடுத்து, சட்டக் கல்லூரிக்கு நம் பிள்ளைகளை அனுப்புங்கள். மருத்துவமும் பொறியியலும் வேண்டும், மறுக்கவில்லை. ஆயினும் ஒவ்வொரு வட்டத்துக்கும் நம் பிள்ளை ஒருவரேனும் கறுப்பு அங்கி அணிய வேண்டும். அண்ணல் 1922-இல் இலண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே பம்பாயில் வழக்காடத் தொடங்கினார். அவர் கையிலிருந்த அந்தக் கருவி நம் ஒவ்வோர் ஊரிலும் இருக்க வேண்டும்.

தாய்மார்களே, பெரியோர்களே! நீதி தாமதமாகிறது என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். தாமதத்தில் ஒரு பகுதி பிறர் செய்வது. இன்னொரு பகுதி, நமக்குரிய நாளை நாம் அறியாமல் கடக்கவிடுவதால் வருவது. முதலாவதைத் தடுக்கவே இடைக்கால உத்தரவுகளுக்கு மேல் சீராய்வு கூடாது என்று சட்டம் வைத்தார்கள். இரண்டாவதைத் தடுக்க நம்மைத் தவிர வேறு எவரும் வரமாட்டார்கள். 25 ஆண்டுகளில் நம் வீடுகளில் படிக்கத் தெரிந்தவர்கள் வந்துவிட்டார்கள். இனி நீதிமன்றத்திலிருந்து வரும் எந்தத் தாளும் அன்றைக்கே படிக்கப்படாமல் கூரையில் செருகப்படக்கூடாது. அதை உறுதி செய்யும் பொறுப்பை இளைஞர்களாகிய நீங்கள் ஏற்க வேண்டும் என்று கேட்டு அமைகிறோம்.

ஜெய் பீம்!